குளிரில் மட்டும் எரியும் லைட்: 2004 கொரோலாவில் விடாமல் வந்த பி0171

வண்டி டொயோட்டா கொரோலா, 2004 மாடல். 1.8 லிட்டர் 1இசட்இசட்-எஃப்இ எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், ஓடியது 2,38,000 கிலோமீட்டர். இருப்பது டொராண்டோவில். இரவு முழுக்கக் கூரையில்லாத இடத்தில் நிற்கும்.

புகார் இதுதான்: நவம்பர் கடைசியில் செக் எஞ்சின் லைட் எரியும். கராஜில் கோடை, அதாவது கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணை, அழித்துத் தருவார்கள். சில நாள் அணைந்திருக்கும், பிறகு மறுபடி எரியும். வசந்தம் வந்தால் தானாகவே அணைந்துவிடும், அடுத்த குளிர் வரை தலைகாட்டாது. இப்படி மூன்று குளிர்காலம். அதற்குள் முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரை (எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்ப்பது) மாற்றியாயிற்று. மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரை (உள்ளே போகும் காற்றை அளப்பது, இனி மாஃப்) முதலில் சுத்தம் செய்து, பிறகு புதிதாகவே போட்டார்கள். பெட்ரோல் பம்பும் புதிது. டேங்கில் ஊற்றிய இன்ஜெக்டர் கிளீனருக்குக் கணக்கில்லை. லைட் மட்டும் போகவில்லை.

கோடு ஒவ்வொரு முறையும் பி0171தான். எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று இந்தக் கோடு சொல்வதே இல்லை. முன் ஆக்ஸிஜன் சென்சார் ‘லீன்’ (பெட்ரோல் குறைவு) என்று சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது; கூட்டக்கூடிய எல்லையைத் தொட்டதும் லைட்டைப் போட்டுவிட்டது. லீன் என்று சரியாகச் சொன்ன சென்சாரை மாற்றினால் புதுச் சென்சாரும் அதையேதான் சொல்லும்.

இந்த வண்டியில் உண்மையான தடயம் கோடு அல்ல. லைட் எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்பதுதான் தடயம்.

லைட் ஏன் வந்து வந்து போகிறது

ஓபிடி-2 முறையில் (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் பொது முறை) பி0171 ஒரே ஓட்டத்தில் லைட்டைப் போடாது. முதல் ஓட்டத்தில் கோளாறு தெரிந்தால் அது ‘பெண்டிங்’ கோடாக மட்டும் நினைவில் இருக்கும். அடுத்த ஓட்டத்திலும் தெரிந்தால்தான் லைட் எரியும். அணைவதற்கும் விதி உண்டு: அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் சோதனை தேற வேண்டும். பெட்ரோல் கலவைக் கோளாறுக்கு அதற்கு மேல் ஒரு நிபந்தனை: கோடு பதிவானபோது இருந்த நிலைமைக்கு நெருக்கமான நிலைமையில் தேற வேண்டும். எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 375 சுழற்சிக்குள்ளும் லோடு (எஞ்சின் சுமை) 20 சதவீதத்துக்குள்ளும் ஒத்திருக்க வேண்டும், எஞ்சின் சூடேறிய நிலையும் அதேபோல் இருக்க வேண்டும். வெளிக் குளிர் இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே ஏப்ரலில் குளிர் தணிந்ததும் அதே ஐட்லிங்கில் (மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) சோதனை தேறிவிடும், லைட் அணையும். வண்டி குணமானதாகத் தோன்றும். அதன் பிறகும் 40 சூடேறும் சுற்றுகள் வரை கோடு நினைவில் இருக்கும்.

கராஜில் கோடை அழித்தபோது வேறொன்றும் அழிந்தது. பெட்ரோல் அளவில் நாள்பட்டுக் கற்றுவைத்த திருத்தத்தை, அதாவது லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிமை, கம்ப்யூட்டர் மறந்து சுழியத்திலிருந்து மறுபடி கற்கத் தொடங்குகிறது. அது பழைய எல்லைக்கு ஏறி வரச் சில நாட்கள் ஆகும். அதோடு இரண்டு ஓட்ட விதியும் சேர்கிறது. இடையில் இரண்டு நாள் பனி உருகும் வெயில் அடித்தால் இன்னும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியைத்தான் “பார்ட் மாற்றினோம், சரியாகிவிட்டது” என்று ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே கோடு எதுவானாலும் அழிக்கும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பதிவான கோடுகள், பெண்டிங் கோடுகள், ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோடு பதிவான கணத்தில் கம்ப்யூட்டர் சேமித்த அளவுகள்). இதற்கு விலை உயர்ந்த ஸ்கேனர் வேண்டாம், மலிவான ப்ளூடூத் அடாப்டரும் ஒரு கைபேசிச் செயலியும் போதும். 2004 காலத்து டொயோட்டாவில் தகவல் மெதுவாகத்தான் வரும் என்பதால் திரையில் நான்கைந்து அளவுகளுக்கு மேல் போடாதீர்கள். இருபதைப் போட்டால் ஒவ்வொன்றும் பல வினாடிக்கு ஒருமுறைதான் மாறும், பார்த்துப் பயனில்லை.

ஃப்ரீஸ் ஃப்ரேம் சொன்னது

கோடு பதிவான கணத்தின் அளவுகள்: எஞ்சின் தண்ணீர் 76 டிகிரி, உள்ளே வரும் காற்று மைனஸ் 14 டிகிரி, எஞ்சின் வேகம் 710, வண்டி வேகம் 0, க்ளோஸ்டு லூப் (ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலைத் திருத்தும் நிலை), ஷார்ட் டேர்ம் ட்ரிம் (அந்தக் கணத்துத் திருத்தம்) +10.9, லாங் டேர்ம் ட்ரிம் +25.8. இரண்டையும் கூட்டினால் 36.7 சதவீதம். வண்டி கிளம்பிச் சில நிமிடத்தில், ஏதோ ஒரு சிக்னலில் நின்றிருந்தபோது எழுந்த கோடு இது.

கூட்டுத்தொகை பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இங்கே அதைப்போல மூன்றரை மடங்கு. ஆனால் ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. வெவ்வேறு வேகத்தில் ட்ரிம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால்தான் திசை தெரியும். ஒரு குளிர்ந்த காலையில் எடுத்த அளவு: ஐட்லிங்கில் +36, நின்ற இடத்தில் 2,500 சுழற்சியில் +10, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் +5.

ஐட்லிங்கில் மோசம், வேகம் ஏற ஏறச் சரியாகிறது என்றால் மாஃப் சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது. கணக்கைப் பாருங்கள். இந்த எஞ்சின் ஐட்லிங்கில் ஓட வினாடிக்குச் சுமார் 2.4 கிராம் காற்று வேண்டும். அதில் 0.65 கிராம் ஓட்டை வழியாக வந்துவிட்டால் மாஃப் பார்ப்பது 1.75 கிராம் மட்டுமே. கம்ப்யூட்டர் 1.75 கிராமுக்கான பெட்ரோலைத்தான் முதலில் கொடுக்கும், மீதியை ட்ரிம் ஈடுகட்ட வேண்டும். 0.65ஐ 1.75ஆல் வகுத்தால் 37 சதவீதம். 2,500 சுழற்சியில் மொத்தக் காற்றே 8 கிராம் அளவுக்கு வரும், அதே 0.65 கிராம் அங்கே 9 சதவீதம்தான். மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த்தொகுதி) அழுத்தம் வெளியழுத்தத்தில் பாதிக்குக் கீழே இருக்கும்வரை ஓட்டையில் புகும் காற்று ஏறக்குறைய மாறாமல் நிற்கும், அதனால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு நெருக்கமாக ஒத்துவருகிறது. நெடுஞ்சாலையில் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) திறந்திருக்கும், உறிஞ்சுதல் குறையும், ஓட்டையின் பங்கும் கரைந்துபோகும்.

பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பலவீனம் என்றால் படம் தலைகீழ்: ஐட்லிங்கில் நன்றாக இருக்கும், ஏற்றத்தில் மிதிக்கும்போது ட்ரிம் ஏறும். மாஃப் அழுக்கானால் பெரும்பாலும் எல்லா வேகத்திலும் ட்ரிம் கூடியிருக்கும், காற்றோட்டம் அதிகமாகும்போது கூடுதலாகத் தெரியும். இந்த மூன்று வடிவத்தையும் முதல் குளிர்காலத்திலேயே பார்த்திருந்தால் மூன்று பாகங்களும் வாங்கியிருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இது மாஃப் உள்ள எஞ்சினுக்கான கணக்கு. மாஃப் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து (மேப் சென்சார்) பெட்ரோலைக் கணக்கிடும் பழைய மாருதி, ஹோண்டா எஞ்சின்களில் இதை அப்படியே வைக்க முடியாது. அங்கே ஓட்டை வழியாக வரும் காற்றும் அழுத்தத்தைக் கூட்டுவதால் கம்ப்யூட்டர் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுத்துவிடும். ட்ரிம் பெரிதாக நகராது, ஐட்லிங் வேகம்தான் ஏறும்.

உறுதி செய்ய இரண்டு சோதனை

புது மாஃப் என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. வண்டியை நெடுஞ்சாலையில் ஏறும் பாதையில் இரண்டாம் கியரில் முழுதாக மிதித்து 4,500 சுழற்சியில் மாஃப் அளவைப் பதிவு செய்ய வேண்டும். எதிர்பார்க்க வேண்டிய அளவை நாமே கணக்கிடலாம்: 1.794 லிட்டரில் பாதி (ஒரு சுழற்சிக்குப் பாதிச் சிலிண்டர்கள்தான் காற்றை இழுக்கும்), வினாடிக்கு 75 சுழற்சி, ஆக 67 லிட்டர். பூஜ்ய டிகிரியில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.29 கிராம். சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் வினாடிக்கு 74 கிராம். வந்த அளவு 73. மாஃப் நலம். பெட்ரோல் அழுத்தம் 47 பிஎஸ்ஐ. இந்த எஞ்சினுக்கு 44 முதல் 50 வரை இருக்கலாம். மிதிக்கும்போதும் அது இறங்கவில்லை.

எக்ஸாஸ்ட் ஒழுக்கும் இதே வேடம் போடும்

உப்புத் தூவும் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இந்த இடத்தில் நிதானம் வேண்டும். முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ ஃப்ளாஞ்சிலோ (குழாய் மூட்டிலோ) சிறு கீறல் இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து லீன் என்று சொல்லும். இதுவும் ஐட்லிங்கில்தான் அதிகம். இதுவும் குளிரில் மோசமாகி, இரும்பு சூடேறி விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். வடிவத்தை மட்டும் பார்த்தால் இன்டேக் ஒழுக்கிலிருந்து பிரிக்கவே முடியாது.

பிரித்துக்காட்டும் வேறுபாடு ஒன்று உண்டு. இன்டேக் ஒழுக்கில் கலவை உண்மையிலேயே லீன். ட்ரிம் கூடக் கூடக் கலவை சரியான அளவுக்குத் திரும்புகிறது. எக்ஸாஸ்ட் ஒழுக்கில் கலவை முதலிலேயே சரி. ட்ரிம் கூட்டிய பெட்ரோல் அவ்வளவும் உபரி. அப்போது ஸ்பார்க் பிளக் கரி படிந்து கறுத்திருக்கும், புகைக்குழாய் முனையில் கரி அப்பியிருக்கும், பெட்ரோல் வாடை வரும், பின் ஆக்ஸிஜன் சென்சார் 0.8 வோல்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த வண்டியில் நான்கு பிளக்குகளும் வெளிர் பழுப்பு. ஃப்ளாஞ்ச் பக்கம் கரிக்கோடு இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் புகைக்குழாயில் பொருத்தி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தபோது குமிழியும் இல்லை. எக்ஸாஸ்டை இத்துடன் விட்டுவிடலாம்.

கராஜில் ஏன் எதுவும் கிடைக்கவில்லை

முந்தைய குளிர்காலத்திலேயே ஒருமுறை ஸ்மோக் டெஸ்ட் (காற்று வழியில் புகையைச் செலுத்தி ஓட்டை தேடும் சோதனை) செய்திருக்கிறார்கள். ஒழுக்கே இல்லை என்று முடிவு வந்தது. செய்தவர்கள் தவறாகச் செய்யவில்லை. வண்டி ஒரு மணி நேரம் ஓடி வந்து, 20 டிகிரி சூடுள்ள கராஜுக்குள் நின்றிருந்தது. அந்த நிலையில் ஒழுக்கு உண்மையிலேயே இல்லை.

1இசட்இசட் எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு பிளாஸ்டிக், சிலிண்டர் ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் உட்காரும் ரப்பர் கேஸ்கட். வருடக்கணக்கில் அழுந்தியிருக்கும் ரப்பர் தட்டையாகிவிடும், எழும்பும் தன்மையை இழந்துவிடும். கடுங்குளிரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் வெவ்வேறு அளவில் சுருங்கும்போது விழும் மயிரிழை இடைவெளியை அந்த விறைத்த ரப்பரால் நிரப்ப முடியாது. தண்ணீர் 76 டிகிரி வந்தாலும் மேனிஃபோல்டு வழியாக மைனஸ் 14 டிகிரிக் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் பிளாஸ்டிக் பக்கம் அப்போதும் குளிரிலேயே இருக்கிறது. டேஷ்போர்டில் சூடு முள் நடுவுக்கு வந்துவிட்டதால் எஞ்சின் முழுக்கச் சூடாகிவிட்டது என்று நினைப்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. வண்டியை நிறுத்திய பிறகு பானட்டுக்குள் தேங்கும் வெப்பம்தான் கேஸ்கட்டை மறுபடி இளக்குகிறது. அதற்குப் பிறகு எந்தச் சோதனை செய்தாலும் பயனில்லை.

இந்த எஞ்சின் வரிசைக்கு இது தெரிந்த நோய். டொயோட்டாவே வட அமெரிக்காவில் தொழில்நுட்பக் குறிப்பு வெளியிட்டு, கறுப்பு நிற கேஸ்கட்டுக்குப் பதில் ஆரஞ்சு நிறத்தில் திருத்திய கேஸ்கட்டைக் கொண்டுவந்தது. தெரிந்த நோய் என்பதற்காகச் சோதிக்காமல் மாற்றுவதும் சரியல்ல. பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு அனுப்பும்) குழாய் வெடிப்பும் பிரேக் பூஸ்டர் குழாய் தளர்ச்சியும் இதே ட்ரிமைத்தான் காட்டும்.

குளிரிலேயே சோதித்தது

வண்டியை இரவு வெளியே விட்டு, காலையில் மைனஸ் 13 டிகிரியில், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஸ்மோக் மெஷின் பொருத்தப்பட்டது. மாஃபுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, அந்த வாயில் அடைப்புக் கூம்பு வைத்து, அதன் வழியாகப் புகை. அழுத்தம் 1 பிஎஸ்ஐக்குக் கீழே. அதற்கு மேல் போனால் நல்ல சீல்களும் விட்டுக்கொடுக்கும். புகை முதலில் எங்கும் தெரியவில்லை. மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து மேனிஃபோல்டின் அடிப்பக்கம் பார்த்தபோது மூன்றாம், நான்காம் போர்ட்டுகளுக்கு இடையில் கீழ் விளிம்பில் மெல்லிய இழையாக வந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் மட்டும் ஹேர் டிரையரால் பத்து நிமிடம் சூடு காட்டியதும் புகை நின்றது. அரை மணி நேரம் குளிர விட்டதும் மறுபடி வந்தது. கோளாறை நம் விருப்பப்படி வரவழைத்து, நம் விருப்பப்படி நிறுத்த முடிகிறது என்றால் அதன் பிறகு ஊகத்துக்கு வேலையில்லை.

ஸ்மோக் மெஷின் இல்லாதவர்கள் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைப் பயன்படுத்தலாம். திறந்த வெளியில், குளிர்ந்த எஞ்சினில், அருகில் தீப்பொறியோ சிகரெட்டோ இல்லாமல், எக்ஸாஸ்ட் முழுதாகச் சூடேறுவதற்கு முன் செய்து முடிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்த உடனே ஷார்ட் டேர்ம் ட்ரிமைப் பார்த்து ஏமாறாதீர்கள். க்ளோஸ்டு லூப் வரும்வரை அது சுழியத்திலேயே நிற்கும், அந்த நேரத்தில் ஐட்லிங் வேகம் மாறுகிறதா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். லூப் நிலை மாறியதும் கேஸ்கட் விளிம்பில் ஒரு வினாடி ஸ்ப்ரே. ஓட்டை அங்கே என்றால் ட்ரிம் சட்டென்று கீழே விழும். கேஸ்கட் சூடாகும்வரை கிடைப்பது சில நிமிடம்தான். தண்ணீர் தெளித்துப் பார்க்கும் பழைய முறை இந்தக் குளிரில் உதவாது, தெளித்த இடத்திலேயே உறைந்து ஓட்டையை அடைத்துவிடும்.

மாற்றிய விதம்

வாங்கியவை: இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், த்ராட்டில் பாடி கேஸ்கட், பிசிவி வால்வு, அதன் குழாய். எல்லாம் சேர்த்தே முன்பு வாங்கிய மாஃபின் விலை வராது. இந்த கொரோலாவில் மேனிஃபோல்டு ரேடியேட்டர் பக்கம் இருப்பதால் கை நன்றாக எட்டும், நிதானமாகச் செய்தாலும் அரை நாள் வேலை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, காற்றுக் குழாயை எடுத்து, வயர்களையும் வேக்குவம் குழாய்களையும் எடுக்கும் முன் கைபேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. த்ராட்டில் பாடிக்குப் போகும் கூலன்ட் குழாய்களைக் கழற்றாமல், அதை மட்டும் பிரித்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தால் தண்ணீர் சிந்தாது. இருபது வருடப் பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிரில் பொடிப்பொடியாக உடையும். சூடான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டிய ஒரே கட்டம் இதுதான்.

மேனிஃபோல்டை இழுத்ததும் போர்ட்டுகளில் சுத்தமான துணியைத் திணித்துவிட வேண்டும். உள்ளே ஒரு நட்டு விழுந்தால் வேலை பத்து மடங்கு. அலுமினிய முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் துடைக்க வேண்டும். உரசும் சக்கரம் போட்டால் அந்தத் துகள் சிலிண்டருக்குள் போகும். கழற்றிய கேஸ்கட்டில் ரப்பர் விளிம்பு பள்ளத்தின் மட்டத்துக்கே தட்டையாகியிருந்தது, புதியது மட்டத்துக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறது. மேனிஃபோல்டு முகத்தில் நேர் சட்டம் வைத்துப் பார்த்ததில் வளைவு இல்லை.

கேஸ்கட்டில் சிலிக்கான் பசை தடவவே கூடாது. பள்ளத்தில் ரப்பர் அமர வேண்டிய இடத்தைப் பசை பிடித்துக்கொள்ளும், அதிலிருந்து கிளம்பும் சிலிக்கான் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக, மேனுவல் சொல்லும் டார்க்குக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். பழைய கேஸ்கட்டை வைத்துக்கொண்டே போல்டை மட்டும் இறுக்கினால் சில நாள் லைட் வராது, அதை நம்பி விட்டால் பிளாஸ்டிக் விளிம்புதான் வளையும்.

பிறகு வந்த அளவுகள்

கோடை அழிக்க வேண்டிய சரியான நேரம் இதுதான், ஒரே ஒருமுறை. பேட்டரியைக் கழற்றியபோதே நினைவு அழிந்திருக்கலாம்; அழியாமல் விட்டால் +25 என்று கற்றுவைத்த ட்ரிமோடு எஞ்சின் முதல் சில நாள் தேவையில்லாமல் பெட்ரோலைக் குடிக்கும்.

அடுத்து வந்த மைனஸ் 16 டிகிரிக் காலையில் ஐட்லிங்கில் கூட்டு ட்ரிம் +4, 2,500 சுழற்சியில் +3, நெடுஞ்சாலையில் +3. ஐட்லிங்கில் மாஃப் அளவு 2.4 கிராமுக்குத் திரும்பியிருந்தது. எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வருவதுதான் முக்கியம். மிச்சமிருக்கும் மூன்று நான்கு சதவீதம் ஓட்டையல்ல, பெட்ரோலில் கலந்துள்ள 10 சதவீத எத்தனால். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இந்தக் கலவைக்கு 14.1 பங்கே போதும். அந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் ட்ரிமாக ஈடுகட்டுகிறது. தமிழ்நாட்டில் இ20 பெட்ரோல் போடும் பழைய வண்டியில் இதுவே எட்டு சதவீதத்துக்குப் பக்கம் வரும். அது தனியாக லைட்டை எரியவிடாது. ஆனால் ஏற்கெனவே சிறு ஒழுக்கோ அழுக்கு மாஃபோ இருந்து எல்லைக்குள் ஒளிந்திருந்தால், அதை வெளியே தள்ளிவிட இந்த எட்டு போதும். அங்கே ட்ரிமைப் படிக்கும்போது முதலில் இந்த எட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்டாரியோவில் சொந்தக் கார்களுக்கான டிரைவ் க்ளீன் புகைச் சோதனை 2019 ஏப்ரலில் நின்றுவிட்டதால் எரியும் லைட்டோடே பலர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இந்த வண்டியில் அப்படி விட்டிருந்தால் லீன் கலவை குளிர்காலைகளில் மிஸ்ஃபயராக மாறி, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்திருக்கும். அதன் விலைக்கு முன் இந்த கேஸ்கட் ஒரு பொருட்டே அல்ல. லைட் நிரந்தரமாக எரிந்துகொண்டிருந்தால் புதிதாக வரும் வேறொரு கோடும் கண்ணில் படாது.

உரிமையாளருக்குச் சொன்னது: லைட் எரியக் காத்திருக்க வேண்டாம். டிசம்பரிலும் பிப்ரவரியிலும் தலா ஒருமுறை, இரவு வெளியே நின்ற வண்டியில், கிளம்பிய ஐந்தாவது நிமிடம் ஐட்லிங்கில் கூட்டு ட்ரிமையும் பெண்டிங் கோடையும் பாருங்கள். 10க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். 15ஐத் தாண்டினால் பிசிவி குழாயிலிருந்தும் பிரேக் பூஸ்டர் குழாயிலிருந்தும் தொடங்குங்கள், எஞ்சின் சூடாவதற்கு முன்பே.